அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் தேர்வும் சமவாய்ப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு, கட்டணம் வாங்காமல் நடத்தப்படும் பள்ளிகள் பொதுப்பள்ளிகள் எனப்படுகின்றன. நம் நாட்டில் 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளில்தான் தொங்குகிறது. ஆகவே இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் கொள்வது நல்லது. அமெரிக்கக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் படிப்பது இந்தப் பொதுப்பள்ளிகளில்தான்.

அந்நாட்டு அரசியலமைப்பில் கல்வி என்ற சொல்லே இல்லை. கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்கள் அதை 'பள்ளி மாவட்டம்' எனப்படும் உள்ளூர் அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. இவை நம் வருவாய் மாவட்டங்களைப் போன்றவை அல்ல; சில ஒரு பெருநகர் அளவும் சில இரண்டு மூன்று பள்ளிகள் அளவும் இருக்கும். நாடு முழுவதும் இவை 13,000-க்கு மேல் உள்ளன. இவற்றின் வருவாயில் பெரும்பகுதி இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று மாநில அரசின் நிதி. மற்றொன்று அந்த மாவட்டத்தில் உள்ள வீடுகள், கடைகள், ஆலைகள் மீது விதிக்கப்படும் சொத்துவரி. நடுவண் அரசின் பங்கு பொதுவாகப் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருந்து வந்துள்ளது. வீட்டு மனையின் விலை குறைந்த ஊரில் பள்ளியின் வருவாயும் குறையும் என்பதே இதன் பொருள்.

இந்த ஏற்றத்தாழ்வைத் தேர்வுகளைக் கொண்டு கண்டறிந்து, தேர்வுகளைக் கொண்டே சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கை அமெரிக்கக் கல்விச் சீர்திருத்த வரலாறு நெடுகிலும் காணப்படுகிறது. கண்டறியும் வேலையைத் தேர்வுகள் ஓரளவு நன்றாகவே செய்தன. சரிசெய்யும் வேலைதான் நடக்கவில்லை; ஏனெனில் அதற்கு வேண்டிய பணம் பற்றிய கேள்வி வேறோர் இடத்தில், வேறு விதமாகத் தீர்க்கப்பட்டுவிட்டது.

பாஸ்டனின் முதல் எழுத்துத் தேர்வு

1845-ஆம் ஆண்டுவரை பாஸ்டன் நகரப் பள்ளிகளில் வாய்மொழித் தேர்வே வழக்கம். ஆண்டுக்கொரு முறை பள்ளிக் குழுவினர் வகுப்புக்கு வருவார்கள். ஆசிரியர் தயார்செய்து வைத்த மாணவர்கள் எழுந்து ஒப்பிப்பார்கள். எல்லோரும் மகிழ்ந்து கலைவார்கள். அப்போது மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்தவர் ஹொரேஸ் மேன். 1837 முதல் அப்பொறுப்பில் இருந்த அவருக்கும் பாஸ்டனின் ஆசிரியர்களுக்கும் ஆகாது. பிரஷ்ய நாட்டுப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்து அவர் எழுதிய அறிக்கைக்கு எதிராக 31 தலைமையாசிரியர்கள் சேர்ந்து நூல் ஒன்றே வெளியிட்டிருந்தார்கள்.

மேனின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹோவ் பள்ளிக் குழுவில் இடம்பெற்றதும் நிலைமை மாறியது. அச்சிட்ட வினாத்தாள்களுடன் குழுவினர் பள்ளிகளுக்குச் சென்றார்கள். மூத்த வகுப்பு மாணவர்கள் 500-க்கும் மேற்பட்டோர், குறித்த நேரத்திற்குள், ஒரே கேள்விகளுக்கு எழுத்தில் விடையளித்தனர். சரியான விடைகள் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். ஆண்டுகளையும் பெயர்களையும் ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு அவற்றின் பொருள் தெரியவில்லை என்று குழு குறைப்பட்டுக்கொண்டது. பள்ளிவாரியான அட்டவணைகளும் வெளியிடப்பட்டன. அமெரிக்காவில் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தும் பழக்கம் இவ்வாறுதான் தொடங்கியது. மாணவர்களைவிட ஆசிரியர்களைச் சோதிக்கவே அந்தத் தேர்வு நடத்தப்பட்டது என்று அன்றே பலர் கருதினார்கள். அது தவறான கருத்து என்று சொல்ல முடியாது.

கறுப்பினக் குழந்தைகளுக்கென்று தனியே நடத்தப்பட்ட ஸ்மித் பள்ளி அந்த வரிசையில் அடியில் இருந்தது. அப்பள்ளியின் நிலை குறித்துக் கறுப்பினப் பெற்றோர் அதற்கு முன்பே முறையிட்டுக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு அட்டவணை புதிதாக எதையும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்பதைத்தான். பெஞ்சமின் ராபர்ட்ஸ் என்ற அச்சகத்தார், வெள்ளையர் பள்ளிகள் ஐந்தைக் கடந்து தம் ஐந்து வயது மகள் சாரா தொலைவிலுள்ள பள்ளிக்குப் போக வேண்டியிருக்கிறதே என்று வழக்குத் தொடுத்தார். கறுப்பின வழக்குரைஞர் ராபர்ட் மாரிஸும் சார்லஸ் சம்னரும் அவருக்காக வாதாடினர். 1850-இல் மாநில உச்ச நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனால் 1855-இல் மாநிலச் சட்டமன்றமே பள்ளிகளில் பிரிவினையைத் தடைசெய்தது. குழந்தைகளின் நிலையை மாற்றியது மதிப்பெண் அட்டவணை அன்று, சட்டம்.

நுண்ணறிவுச் சோதனைகளின் காலம்

முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படையில் சேர்ந்த ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு உளவியலாளர் ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் நுண்ணறிவுச் சோதனைகள் நடத்தப்பட்டன. பிறவி அறிவை அளப்பதாகச் சொல்லப்பட்ட அச்சோதனையில், கடையில் விற்கும் ஒரு சமையல் கொழுப்பின் வணிகப் பெயர் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியும் இருந்தது. கப்பலிலிருந்து அண்மையில் இறங்கிய குடியேறிக்கு அது எப்படித் தெரியும் என்று அமைப்பாளர்கள் யோசிக்கவில்லை. அந்த மதிப்பெண்களை வைத்து இனங்களை மேல் கீழ் என்று வரிசைப்படுத்தி 1923-இல் நூல் எழுதிய கார்ல் பிரிகாம்தான் 1926-இல் தொடங்கிய எஸ்.ஏ.டி. என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை உருவாக்கியவர். 1930-இல் அவர் தம் இன ஒப்பீடுகளுக்கு அடிப்படை இல்லை என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் நகரப் பள்ளிகள் பல, இத்தகைய சோதனைகளைக் கொண்டு பிள்ளைகளைத் தனித்தனிப் பிரிவுகளில் அமர்த்தத் தொடங்கியிருந்தன.

ஒற்றை அறைப் பள்ளியில் ஒரு கையெழுத்து

கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளி நடத்துவது அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954 மே 17-இல் உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நடைமுறைக்கு வரவே பல ஆண்டுகள் ஆயின. பள்ளிகளுக்கு நடுவண் அரசின் பணம் பெருமளவில் வரத் தொடங்கியது 1965-இல்தான்.

அவ்வாண்டு ஏப்ரல் 11 அன்று, டெக்சாஸ் மாநிலத்தில் தாம் முதன்முதலில் படித்த ஒற்றை அறைப் பள்ளியின் முன் அமர்ந்து, தம் முதல் ஆசிரியை கேட் டெட்ரிக் லோனியை அருகில் இருத்திக்கொண்டு, குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஜான்சனும் ஒருகாலத்தில் ஆசிரியர். 1928-இல் கோட்டுல்லா என்ற சிற்றூரில் மெக்சிகோ வழிவந்த ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் பாடம் எடுத்தார். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பின்னாளில் பலமுறை பேசினார். ஏழைக் குழந்தைகள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூடுதல் நிதி தருவதே அச்சட்டத்தின் முதல் பகுதி. அரசியல் மேடைக்காகத் தேர்ந்தெடுத்த இடம்தான் என்றாலும் அந்தக் கையெழுத்தில் உண்மை இருந்தது.

பணம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறதா என்பதை எப்படி அறிவது? செனட்டர் ராபர்ட் கென்னடி இந்தக் கேள்வியை விடாப்பிடியாக எழுப்பினார். அதனால் மதிப்பீட்டு விதி ஒன்று சட்டத்தில் சேர்ந்தது. அவருடைய ஐயம் வீண்போகவில்லை. பல மாவட்டங்கள் ஏழைப் பிள்ளைகளுக்கான பணத்தை வேறு செலவுகளுக்குத் திருப்பிவிட்டதை 1969-இல் குடியுரிமை அமைப்பினர் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அதே 1969-இல் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு என்ற மாதிரித் தேர்வும் தொடங்கியது. அதில் எந்த மாணவருக்கும் எந்தப் பள்ளிக்கும் தனி மதிப்பெண் கிடையாது. மாணவர்களின் ஒட்டுமொத்த நிலையையே அது காட்டும். பரிசோ தண்டனையோ அதனோடு இணைக்கப்படாததால் அதைத் திருத்தி எழுத யாருக்கும் தேவை ஏற்படவில்லை. அமெரிக்கக் கல்வி பற்றிய நம்பத்தகுந்த எண்கள் இன்றும் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிடைக்கின்றன.

இதற்கிடையில் 1966-இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு, 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை அளித்தது. மாணவரின் தேர்ச்சி, பள்ளியின் கட்டடம், நூலகம் போன்ற வசதிகளைக் காட்டிலும் குடும்பச் சூழலோடும் உடன் படிப்போரின் பின்னணியோடும் நெருங்கிய தொடர்புடையது என்று அது கூறியது. ஏழைப் பிள்ளைகளை வசதியுள்ள பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்கவைக்க வேண்டும் என்பதற்கு அதைச் சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. பள்ளிக்குப் பணம் கொடுத்துப் பயனில்லை என்பதற்கும் அதையே சான்றாகக் காட்டியவர்கள் உண்டு. இரண்டாவது வாசிப்பே நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது.

எட்ஜ்வுட் பெற்றோர்கள்

1968 மே மாதத்தில் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் சுமார் 400 பேர் வகுப்பைப் புறக்கணித்து ஊர்வலம் போனார்கள். உடைந்த சன்னல்கள், பழுதடைந்த கழிப்பறைகள், தகுதிச் சான்று பெறாத ஆசிரியர்கள் ஆகியவைதான் அவர்களின் குறைகள். மெக்சிகோ வழிவந்த உழைக்கும் குடும்பங்கள் வாழ்ந்த பகுதி அது. அங்கே வசித்த டெமெட்ரியோ ரொட்ரிகஸ் விமானப்படைத் தளத்தில் தகட்டு வேலை செய்த தொழிலாளி, முன்னாள் படைவீரர். அவரும் வேறு சில பெற்றோரும் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள்.

நீதிமன்றப் பதிவேடுகளில் உள்ள எண்கள் எளியவை. 1967-68 கல்வியாண்டில் எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரின் வளமான பகுதியான அலமோ ஹைட்ஸ் மக்கள் கட்டியது 85 சென்ட். அதிக விகிதத்தில் வரி கட்டியும், நிலத்தின் மதிப்பு குறைவாக இருந்ததால், எட்ஜ்வுட்டில் உள்ளூர் வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333 டாலர். மாநில, நடுவண் நிதிகளையும் சேர்த்துப் பார்த்தாலும் எட்ஜ்வுட் மாணவருக்கு 356 டாலர், அலமோ ஹைட்ஸ் மாணவருக்கு 594 டாலர்.

மூன்று நீதிபதிகள் கொண்ட நடுவண் நீதிமன்றம் 1971-இல் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1973 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பிரிவில் அத்தீர்ப்பை மாற்றியது. கல்வி முக்கியமானதுதான், ஆனால் அது அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அன்று என்று நீதிபதி லூயிஸ் பவல் எழுதினார். பணத்துக்கும் கல்வித் தரத்துக்கும் உள்ள தொடர்பு உறுதியாகவில்லை என்பதும் அதில் ஒரு வாதம். அதற்குத் துணைநின்றவை கோல்மன் காலத்து ஆய்வுகளே. பிரவுன் வழக்கில் வழக்குரைஞராக வாதாடி வென்று, இப்போது நீதிபதியாக அமர்ந்திருந்த தர்குட் மார்ஷல் கடுமையான மாறுபட்ட தீர்ப்பை எழுதினார்.

அந்த ஒரு வாக்கின் விளைவை மிகைப்படுத்துவது கடினம். பள்ளிகளுக்கிடையே பணத்தைச் சமன்செய்யும்படி நடுவண் நீதிமன்றத்தைக் கேட்கும் வழி அன்றோடு அடைபட்டது. பிறகு ஒவ்வொரு மாநிலத்திலும் தனித்தனியாகப் போராட வேண்டியிருந்தது. டெக்சாஸின் சொந்த உச்ச நீதிமன்றம் 1989-இல் எட்ஜ்வுட் மாவட்டத்தின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் வழக்குத் தொடங்கி 21 ஆண்டுகள் ஓடியிருந்தன.

டெக்சாஸ் முறை

1983 ஏப்ரலில் ரீகன் ஆட்சியின் கல்வி அமைச்சர் டெரல் பெல் அமைத்த ஆணையம் 'ஆபத்தில் ஒரு தேசம்' என்ற சிறிய அறிக்கையை வெளியிட்டது. அமெரிக்கப் பள்ளிகளின் தரம் தாழ்ந்துவிட்டது, நாடு உலகப் போட்டியில் தோற்கப் போகிறது என்று அது எச்சரித்தது. அறிக்கையின் தொனி போர்க்காலத் தொனி. அதன்பின் பேச்சு மாறியது. ஏழைப் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறோம் என்ற கேள்வியின் இடத்தைப் பிள்ளைகள் என்ன மதிப்பெண் எடுக்கிறார்கள் என்ற கேள்வி பிடித்துக்கொண்டது.

மாநிலங்கள் போட்டிபோட்டுக்கொண்டு தேர்வுகளை ஏற்படுத்தின. அவற்றுள் டெக்சாஸ் 1993-இல் அமைத்த முறை தனித்தன்மை உடையது. பள்ளியின் மொத்தச் சராசரியை மட்டும் பார்க்காமல், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர், வறிய குடும்பத்தினர் என ஒவ்வொரு பிரிவு மாணவர்களின் தேர்ச்சியையும் தனியாகக் கணக்கிட்டு, ஒரு பிரிவு தவறினாலும் பள்ளியின் தரநிலை குறையும் என்று அது விதித்தது. நல்ல சராசரியின் நிழலில் பின்தங்கிய பிள்ளைகளை மறைத்துவைக்கும் வழி இதனால் அடைபட்டது. அமெரிக்கத் தேர்வு வரலாற்றில் சமவாய்ப்புக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட மிகப் பயனுள்ள கருவி இதுதான் எனலாம்.

1995-இல் ஆளுநரான ஜார்ஜ் புஷ் இம்முறையின் பலன்களைத் தம் சாதனையாக முன்வைத்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். வென்றபின் ஹூஸ்டன் நகரப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ராட் பேஜைத் தம் கல்வி அமைச்சர் ஆக்கினார். 2003-இல் ஹூஸ்டனைப் பற்றி வேறொரு செய்தி வெளிவந்தது. அங்கே ஓர் உயர்நிலைப்பள்ளியில் ஓராண்டில் 460-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளியைவிட்டுப் போயிருந்தும், இடைநின்றோர் எண்ணிக்கை சுழியம் என்று பதியப்பட்டிருந்தது. அதற்குள் ஹூஸ்டனின் முறை நாடு முழுமைக்கும் சட்டமாகிவிட்டது.

'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது'

2001 செப்டம்பர் 11 அன்று காலை, இரட்டைக் கோபுரத் தாக்குதல் செய்தி வந்த நேரத்தில், புஷ் ஃபுளோரிடாவின் சாரசோட்டாவில் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பலருக்கும் நினைவிருக்கும். இந்தச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டவே அவர் அங்கே போயிருந்தார். ஒற்றுமை உணர்வு மேலோங்கியிருந்த அந்த மாதங்களில் சட்டம் இரு கட்சியினரின் பெரும் ஆதரவோடு நிறைவேறியது. பிரதிநிதிகள் அவையில் 381-க்கு 41, செனட்டில் 87-க்கு 10. 2002 ஜனவரி 8 அன்று ஒஹையோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரப் பள்ளியில் புஷ் கையெழுத்திட்டபோது, எதிர்க்கட்சியின் எட்வர்ட் கென்னடியும் அருகில் நின்றார். சட்டநூல்படி பார்த்தால் இது ஜான்சனின் 1965 சட்டத்தின் மறுபதிப்புதான்.

3 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் ஆண்டுதோறும், உயர்நிலையில் ஒருமுறையும், வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு நடத்த வேண்டும். முடிவுகளை இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை ஆகிய பிரிவுகள்வாரியாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் 95 விழுக்காட்டினராவது தேர்வு எழுதியாக வேண்டும். பலவீனமான பிள்ளையை அன்று வீட்டில் இருக்கச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த விதி. இவ்வளவும் நல்ல ஏற்பாடுகளே.

அடுத்த விதியில்தான் சிக்கல் இருந்தது. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும், அதாவது நூற்றுக்கு நூறு பேரும், தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும். ஆண்டிலக்கைத் தொடர்ந்து இரண்டு ஆண்டு தவறவிட்ட பள்ளியிலிருந்து பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளலாம். மூன்றாம் ஆண்டு தவறினால் பள்ளி தனிப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மேலும் தவறினால் ஆசிரியர்களை மாற்றுவது, பள்ளியையே கலைத்து அமைப்பது என்று தண்டனை ஏறிக்கொண்டே போகும். எது தேர்ச்சி என்பதை முடிவுசெய்யும் உரிமை மட்டும் மாநிலங்களிடமே விடப்பட்டது. எனவே தேர்ச்சிக் கோட்டைத் தாழ்வாக வரைந்த மாநிலத்துக்கு நல்ல பெயரும், உயர்வாக வரைந்த மாநிலத்துக்குக் கெட்ட பெயரும் கிடைத்தன.

வகுப்பறையில் நடந்தது ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்கு வியப்பளிக்காது. தேர்ச்சிக் கோட்டுக்கு ஓரிரு மதிப்பெண் கீழே இருக்கும் மாணவரைக் கைதூக்கிவிட்டால் பள்ளிக்கு லாபம். மிகவும் கீழே இருப்பவருக்கு எவ்வளவு உழைத்தாலும் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறாது. மேலே இருப்பவருக்கு உழைக்கத் தேவையில்லை. ஆகவே பல பள்ளிகளில் கோட்டருகே நின்ற பிள்ளைகளுக்கே கூடுதல் நேரம் கிடைத்தது. யாருக்காகச் சட்டம் வந்ததோ அந்தக் கடைசி வரிசைப் பிள்ளை மறுபடியும் கடைசி வரிசையிலேயே இருந்தார். 2007-இல் நடந்த ஒரு கணக்கெடுப்பில், தொடக்கப்பள்ளிகளில் அறிவியல், சமூகவியல், கலை, உடற்பயிற்சி போன்றவற்றின் நேரத்தைக் குறைத்ததாக 44 விழுக்காடு மாவட்டங்கள் கூறின.

சட்டத்தால் பயனே இல்லை என்று சொல்வதும் தவறு. பொருளியலாளர்கள் தாமஸ் டீயும் பிரையன் ஜேக்கபும் செய்த ஆய்வு, நான்காம் வகுப்புக் கணக்கில், சிறப்பாகப் பின்தங்கிய பிள்ளைகளிடையே, தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டதைக் காட்டியது. வாசிப்பில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. கணக்கு பெரும்பாலும் பள்ளியில் கற்பது. வாசிப்புக்கு வீட்டின் சொல்வளமும் பரந்த பொது அறிவும் வேண்டும். அந்தப் பொது அறிவைத் தரும் பாடங்களின் நேரம்தான் வெட்டப்பட்டது.

அட்லாண்டா

ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டாவின் பள்ளிக் கண்காணிப்பாளர் பெவர்லி ஹால் 2009-இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெரும்பாலும் கறுப்பின ஏழைப் பிள்ளைகள் படித்த அந்நகரப் பள்ளிகளின் மதிப்பெண்கள் ஆண்டுதோறும் உயர்ந்திருந்தன. ஓர் உள்ளூர்ச் செய்தித்தாள் அந்த உயர்வை நம்ப மறுத்தது. விடைத்தாள்களில் தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்த தடங்களை எண்ணிப் பார்த்தபோது, இயல்பாக நிகழவே முடியாத அளவில் அவை இருந்தன.

ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு 2011 ஜூலையில் அறிக்கை அளித்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-இல் மோசடி. 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் அதில் சம்பந்தப்பட்டிருந்தனர். 82 பேர் ஒப்புக்கொண்டனர். சில ஆசிரியர்கள் வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடி விடைகளைத் திருத்தினார்கள் என்றும் அறிக்கை கூறியது. இலக்கை எட்டாவிட்டால் வேலை போகும் என்ற அச்சமே எங்கும் நிலவியதாக அது குறிப்பிட்டது. குற்றக் கும்பல்களைத் தண்டிக்கப் பயன்படும் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டு, 2015 ஏப்ரலில் 11 பேர் அச்சட்டப்படி குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஹால் தம் மீதான குற்றச்சாட்டை மறுத்தார். விசாரணைக்கு வரும் முன்பே நோயால் இறந்தார்.

கைவிலங்கு பூட்டிய ஆசிரியர்களின் படங்களே நாளிதழ்களில் பெரிதாக வந்தன. பிள்ளைகளுக்கு நேர்ந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. வாசிக்கத் தெரியாத ஒரு குழந்தையின் தாளில் வாசிக்கத் தெரியும் என்று எழுதிவிட்டால், அந்தக் குழந்தைக்குச் சட்டப்படி வரவேண்டிய சிறப்பு உதவி வராது. உதவி தேவைப்படுவோரைக் கண்டுபிடிக்கத்தான் தேர்வு வந்தது. அதே தேர்வு ஆசிரியரின் வேலையைப் பறிக்கும் கருவியுமானபோது, அந்தக் குழந்தை இரண்டாம் முறையாகக் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

விலக்குகளும் புதிய சட்டமும்

2011-இல் நாட்டின் பொதுப்பள்ளிகளில் ஏறத்தாழப் பாதி இலக்கைத் தவறவிட்ட பள்ளிகளாகக் கணக்கிடப்பட்டன. எல்லோரும் தோற்கும் விதியை யாரும் மதிக்க மாட்டார்கள். ஒபாமா ஆட்சி சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தின் உதவி கிடைக்காமல் மாநிலங்களுக்கு விலக்கு அளித்தது. பதிலுக்கு, மாணவர் மதிப்பெண்களை ஆசிரியர் மதிப்பீட்டில் சேர்க்கும்படி கேட்டது. இது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றியதாயிற்று. 2015-இல் நியூயார்க் மாநிலத்தில் தேர்வு எழுத வேண்டிய மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரைப் பெற்றோர் எழுத விடவில்லை.

புஷ்ஷின் தந்தையார் ஆட்சியில் கல்வித்துறைத் துணைச் செயலாளராக இருந்து தேர்வு முறையை ஆதரித்த வரலாற்றாசிரியர் டயான் ராவிச் 2010-இல் நூல் எழுதி அதன் கடும் விமர்சகராக மாறினார். ஆனால் குடியுரிமை அமைப்புகள் பல எதிர்ப்பக்கம் நின்றன. தேர்வைப் புறக்கணிப்போரில் வசதியான புறநகர்க் குடும்பங்கள் மிகுதி. தேர்வு நின்றுபோனால் கறுப்பினப் பிள்ளைகளும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளும் என்ன கற்கிறார்கள் என்பதைக் கேட்பார் இருக்க மாட்டார்கள் என்று அவை 2015-இல் வெளிப்படையாக அறிக்கை விட்டன. தேர்வுக்கு எதிரான வாதங்களில் பெரும்பாலானவை நியாயமானவை. இந்த ஒரு பதிலுக்கு மட்டும் எதிர்ப்பாளர்கள் நல்ல மறுமொழி தரவில்லை.

2015 டிசம்பர் 10-இல் வந்த 'ஒவ்வொரு மாணவரும் வெற்றிபெறும்' சட்டம் இரு தரப்பையும் ஓரளவு அமைதிப்படுத்தியது. ஆண்டுத் தேர்வும் பிரிவுவாரி முடிவும் தொடர்ந்தன. நூற்றுக்கு நூறு இலக்கு நீங்கியது. என்ன நடவடிக்கை எடுப்பது என்பது மாநிலங்களின் கைக்குத் திரும்பியது. செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தாத ஒரு விதியும் அதில் உண்டு. ஒவ்வொரு பள்ளியும் ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதையும் வெளியிட வேண்டும். எட்ஜ்வுட் பெற்றோர்கள் நீதிமன்றத்தில் வைத்த அதே கணக்கு, 40 ஆண்டுகளுக்குப் பிறகு, மதிப்பெண்ணோடு ஒரே அறிக்கையில் இடம்பெற்றது.

மாசசூசெட்ஸ்

பணத்தையும் தேர்வையும் ஒருசேர நடத்திப் பார்த்த மாநிலம் ஒன்று உண்டு. 1993 ஜூனில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றம், ஏழை ஊர்ப் பிள்ளைகளுக்கும் போதிய கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. சில நாட்களிலேயே கல்விச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தேவையான அடிப்படைச் செலவைக் கணக்கிட்டு, ஊரால் திரட்ட முடியாததை மாநிலம் தந்தது. பணம் வரத் தொடங்கிய பின், 1998-இல்தான் மாநிலத் தேர்வு முதன்முறையாக நடந்தது. 2003 முதல் பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு அதில் தேர்ச்சி கட்டாயமாயிற்று. 2005-இல் தேசிய மதிப்பீட்டில் நான்காம், எட்டாம் வகுப்புகளின் வாசிப்பு, கணக்கு ஆகிய நான்கிலும் அம்மாநிலம் முதலிடம் பெற்றது.

அதற்காக அங்கே இடைவெளி மூடிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. வசதியுள்ள பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் இருவருமே முன்னேறினார்கள்; நடுவிலுள்ள தூரம் பெரிதாகக் குறையவில்லை. 1993-இல் போட்ட செலவுக் கணக்கு காலத்துக்கேற்ப மாறாமல் பழையதாகிப்போக, 2019-இல் மீண்டும் ஒரு சட்டம் இயற்றி, ஆண்டுக்கு 150 கோடி டாலர் அளவுக்குப் பள்ளி நிதியைப் படிப்படியாக உயர்த்த வேண்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்துப் பள்ளி மூடல்கள் நாடெங்கும் ஏழைப் பிள்ளைகளையே கூடுதலாகப் பாதித்தன. 2024-இல் நடந்த தேசிய மதிப்பீட்டில், எட்டாம் வகுப்பு மாணவர்களில் மூன்றில் ஒருவர் வாசிப்பில் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை; அம்மதிப்பீட்டின் வரலாற்றிலேயே இது மிக மோசமான அளவு.

2024 நவம்பர் தேர்தலில் மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் முன் ஒரு கேள்வி வைக்கப்பட்டது: பள்ளியிறுதிச் சான்றிதழ் பெற மாநிலத் தேர்வில் தேர்ச்சி பெற்றே ஆக வேண்டுமா? ஆசிரியர் சங்கம் வேண்டாம் என்றது. வணிக அமைப்புகளும் மாநில ஆளுநரும் வேண்டும் என்றனர். வாக்களித்தோரில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். தேர்வு நீங்கவில்லை. பாஸ்டன் உட்பட அம்மாநிலத்தின் பொதுப்பள்ளி மாணவர்கள் அதை இன்றும் எழுதிவருகிறார்கள். முடிவுகள் பிரிவுவாரியாக ஆண்டுதோறும் வெளியாகின்றன.